பம்பருக்குள் ஒரு கண்: அது காண்பதும் காணாததும்

அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர், தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய கார்களை நமது வீதிகளில் காண்கின்றோம். அவற்றின் விலை, வரி, எரிபொருள் செலவு என்பன பற்றி நிறையவே பேசப்படுகின்றது. ஆனால் அவற்றுள் பலவற்றின் பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் அவ்வப்போது மின்னி மறையும் சிறியதொரு மஞ்சள் விளக்கைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. அந்த விளக்கை நம்பிப் பலர் தமது வாகனத்தை வலப்புறமோ இடப்புறமோ திருப்பத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், அது எதைக் காண்கின்றது, எதைக் காண்பதில்லை, அது பழுதடைந்தால் எவ்வாறு கண்டறிவது என்பவற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும். ஏனெனில் இது வசதி பற்றிய கேள்வியல்ல. மோட்டார் சைக்கிளில் செல்லும் நமது சகோதரர்களின் உயிர் பற்றிய கேள்வியாகும்.

சாரதி ஒருவர் உள்ளே இருக்கும் கண்ணாடியையும் இரு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தாலும் அவரது பார்வைக்கு எட்டாத ஒரு பரப்பு வாகனத்தின் இரு மருங்கிலும் எஞ்சியிருக்கும். பின்சில்லுக்கு அருகே தொடங்கிப் பின்னோக்கி விரியும் இப்பரப்பை மறைபகுதி என்கின்றோம். ஒரு மோட்டார் சைக்கிள் முழுவதும் இதற்குள் மறைந்துவிடக்கூடும். மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்லும் காரை 80 கிலோமீற்றரில் ஒருவர் முந்த முயன்றால், செக்கனுக்கு ஏறத்தாழ 5.5 மீற்றர் வீதம் அவர் நெருங்கி வருகின்றார். சற்று முன்னர் கண்ணாடியில் தெரிந்தவர் அடுத்த கணம் தெரியாமற் போவதற்கும், சாரதி வீதி வெறுமையாக இருக்கின்றதென்று எண்ணித் திருப்புவதற்கும் அந்த ஒரு செக்கன் போதுமானது.

இக்குறையைக் கருவியொன்றின் மூலம் நிவர்த்தி செய்யும் முயற்சி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பமாகியது. சுவீடனின் வொல்வோ நிறுவனம் 2001 இல் காட்சிப்படுத்திய பாதுகாப்பு மாதிரிக் காரில் இந்த எண்ணம் இடம்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் விற்பனைக் கார்களில் பக்கக் கண்ணாடிகளின் கீழ் சிறு கமராக்கள் பொருத்தப்பட்டன. ஆனால் கமராவுக்கு மழையும் பனிமூட்டமும் சேறும் இடையூறாக இருந்தன. ஆகவே காலப்போக்கில் வொல்வோ உட்படப் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் ராடர் முறையையே தெரிந்தெடுத்தனர். கப்பலையும் விமானத்தையும் கண்டறியப் பயன்பட்ட அதே தத்துவம் உள்ளங்கையளவான பெட்டியொன்றுக்குள் அடக்கப்பட்டுப் பின் பம்பரின் உட்புறத்தில், இடது மூலையில் ஒன்றும் வலது மூலையில் ஒன்றுமாகப் பொருத்தப்படலாயிற்று. பம்பர் பிளாஸ்ரிக்கினால் ஆனது. ராடர் அலைகள் அதனை ஊடுருவிச் செல்லும். எனவேதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒரு கருவி இருப்பதே தெரிவதில்லை.

இக்கருவி அனுப்பும் அலையின் மீடிறன் முன்னைய வாகனங்களில் 24 கிகாஹேர்ட்ஸ் அளவாகவும், அண்மைய வாகனங்களிற் பலவற்றில் 76 முதல் 81 கிகாஹேர்ட்ஸ் வரையாகவும் உள்ளது. முதலாவதன் அலைநீளம் 12.5 மில்லிமீற்றர். மற்றையது 4 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. மூன்று மீற்றர் தொலைவிலுள்ள வாகனத்தில் பட்டுத் தெறித்து அலை திரும்பி வருவதற்கு 20 நனோசெக்கன்களே எடுக்கும். இவ்வளவு குறுகிய நேரத்தை நேரடியாக அளப்பது கடினமாகையால் பொறியியலாளர்கள் ஓர் உபாயத்தைக் கையாளுகின்றனர். அனுப்பும் அலையின் மீடிறனைச் சீராக உயர்த்திக்கொண்டே செல்கின்றனர். திரும்பி வரும் அலை சற்று முன்னர் புறப்பட்டதாகையால், அதன் மீடிறன் அக்கணத்தில் அனுப்பப்படும் அலையின் மீடிறனிலிருந்து சிறிது வேறுபட்டிருக்கும். இவ்வேறுபாடு அதிகமெனின் பொருள் தொலைவில் உள்ளது, குறைவெனின் அருகில் உள்ளது என்பது கணக்கு.

தூரம் இவ்வாறு பெறப்பட, வேகம் தொப்ளர் விளைவினால் பெறப்படுகின்றது. நெருங்கி வரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், விலகிச் செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதை நாம் அறிவோம். அதுபோலவே, 24 கிகாஹேர்ட்ஸ் ராடரை நோக்கி மணிக்கு 36 கிலோமீற்றர் சார்பு வேகத்தில் வரும் பொருள், திரும்பும் அலையின் மீடிறனை ஏறத்தாழ 1600 ஹேர்ட்ஸ் உயர்த்திவிடும். மூன்றாவதாக, பொருள் எத்திசையில் உள்ளது என்பது, ஒன்றையடுத்து ஒன்றாக வைக்கப்பட்ட பல வாங்கும் அலைவாங்கிகளை அலை வந்தடையும் நுண்ணிய வேறுபாட்டிலிருந்து கணிக்கப்படுகின்றது. தூரம், வேகம், திசை என்ற இம்மூன்றையும் கொண்டு, அருகிலுள்ள தடத்தில் வாகனம் ஒன்று உள்ளதா என்பதைக் கருவி தீர்மானிக்கின்றது. உள்ளதெனின் கண்ணாடியில் விளக்கு எரியும். அந்நேரம் சாரதி அந்தப் பக்கத்துச் சமிக்ஞை விளக்கைப் போடுவாராயின் விளக்கு மின்னும். சில வாகனங்களில் ஒலியும் எழும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் தொடங்குகின்றது. ராடருக்கு எல்லாமே தெறிப்புத்தான். மதிலும் மின்கம்பமும் நிறுத்தப்பட்டிருக்கும் லொறியும் அலையைத் தெறிக்கச் செய்கின்றன. அவை அனைத்துக்கும் விளக்கு எரிந்தால் சாரதி எரிச்சலடைந்து முழுவதையும் நிறுத்திவிடுவார். ஆகவே தரையில் அசையாது நிற்பவை என்று கணிக்கப்படும் பொருட்களைக் கருவி புறக்கணிக்கின்றது. எதிர்த்திசையில் வருபவையும் அவ்வாறே விலக்கப்படுகின்றன. மெலிந்த தெறிப்புகளும் ஓர் எல்லைக்குக் கீழ் இருந்தால் தள்ளப்படுகின்றன. காரின் அகன்ற உலோக உடல் தரும் தெறிப்போடு ஒப்பிட்டால் மோட்டார் சைக்கிளொன்று தரும் தெறிப்புப் பல மடங்கு குறைவு. துவிச்சக்கர வண்டியும் பாதசாரியும் தருவது இன்னும் குறைவு. பொய் எச்சரிக்கையைக் குறைக்க வைக்கப்பட்ட எல்லை, மெய்யான ஆபத்தையும் சில வேளைகளில் கீழே தள்ளிவிடுகின்றது.

இதனை உற்பத்தியாளர்கள் மறைக்கவில்லை. டொயோட்டா நிறுவனத்தின் உரிமையாளர் கைநூல்கள், சிறிய மோட்டார் சைக்கிள்கள், துவிச்சக்கர வண்டிகள், பாதசாரிகள் ஆகியோரைக் கண்டறிவதற்காக இம்முறை வடிவமைக்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. ஆனால் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்டு நம்மிடம் வரும் வாகனங்களின் கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கின்றது. திரையில் தோன்றும் எச்சரிக்கையும் அம்மொழியிலேயே இருக்கின்றது. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும் அதை வாசிக்க வேண்டியவருக்கு அது எட்டவில்லை.

இக்கருவியின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, தடம் மாறும்போது நிகழும் விபத்துகள் இக்கருவியால் 14 வீதமும், அவற்றுள் காயம் ஏற்படும் விபத்துகள் 23 வீதமும் குறைந்தன எனக் கண்டது. அதேவேளை, அந்நாட்டின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2014 இல் நடத்திய சோதனைகளில், கார்களைக் காட்டிலும் மோட்டார் சைக்கிள்கள் 26 வீதம் தாமதமாகவே கண்டறியப்பட்டன. அச்சங்கத்தின் ஆய்வு மன்றம் 2018 இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், இத்தகைய கருவிகளைக் கொண்ட சாரதிகளில் ஏறத்தாழ நான்கிலொருவர் தாமாகத் திரும்பிப் பார்க்காமல் கருவியை மட்டும் நம்புவதில் தயக்கமில்லை என்றனர்.

அமெரிக்க நெடுஞ்சாலையின் பல தடங்களில் பெரிய கார்களுக்கிடையே பெறப்பட்ட பயன், நமது வீதிகளில் அப்படியே கிடைக்குமென எதிர்பார்க்கலாமா? இலங்கையில் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கும் அதிகம். அதிவேக நெடுஞ்சாலைகளில் இவ்விரண்டுக்கும் அனுமதியில்லை. ஆகவே கொழும்பிலிருந்து மாத்தறைக்கு அவ்வழியே செல்பவருக்கு இக்கருவி உருவாக்கப்பட்ட சூழலிலேயே பயன்படுகின்றது. ஆனால் கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 வீதியிலோ, அக்கரைப்பற்றிலிருந்து கல்முனையூடாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 வீதியிலோ நிலைமை வேறு. அங்கே இடப்புறத்தால் நெருக்கிக்கொண்டு வருவது மோட்டார் சைக்கிள். வீதியோரமாகச் செல்வது பாடசாலை மாணவனின் துவிச்சக்கர வண்டி. இருவழி வீதியில் முந்தும்போது எதிரே வரும் பஸ்ஸைப் பற்றி இக்கருவி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே பல வாகனங்களில் அது இயங்குவதும் இல்லை. டொயோட்டாவின் பல மாதிரிகளில் இவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர். நெரிசல் மிக்க சந்தை வீதியில் விளக்கு எரியாதிருப்பது, அருகில் எவரும் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இனி, பழுது பற்றிய விடயத்துக்கு வருவோம். இது உரிமையாளர்களுக்கும் வாகனத் திருத்துநர்களுக்கும் பெரும் குழப்பத்தைத் தருகின்ற ஒன்றாகும். முகப்புப் பலகையில் பழுதுச் செய்தி தோன்றியவுடன் உணரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை, அல்லது எங்கோ உடைக்கப்பட்ட காரின் பழையதை, பொருத்திப் பார்ப்பது நம்மிடையே வழக்கமாகி வருகின்றது. இது பணத்தை விரயமாக்கும் வழியாகும். முறையான பரிசோதனை கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பழுது எப்போதும் தோன்றுகின்றதா, மழையில் மட்டுமா? ஒரு பக்கத்திலா, இரு பக்கத்திலுமா? அண்மையில் பம்பரில் வேலை ஏதும் நடந்ததா? மழையிலும் சேற்றிலும் தோன்றி, பம்பரைக் கழுவியதும் மறையும் செய்தி பெரும்பாலும் பழுதல்ல. தனது பார்வை மறைக்கப்பட்டுள்ளதைக் கருவி தானே அறிவிப்பதாகும். பம்பரின் மூலையில் ஒட்டிய ஸ்ரிக்கர், அழகுக்காகப் பொருத்திய நிக்கல் பூசிய காப்புக் குழாய் ஆகியனவும் இதே விளைவைத் தரும்.

அடுத்து, கணினிப் பரிசோதனைக் கருவியால் பழுதுக் குறியீடுகளை வாசிக்க வேண்டும். மலிவான சிறு கருவிகள் பல இயந்திரத்தின் குறியீடுகளை மட்டுமே வாசிக்கும். அவை ‘பழுதில்லை’ என்று காட்டுவதை நம்பிவிடலாகாது. குறியீட்டின் முதலெழுத்தே ஒரு திசையைக் காட்டும். ‘யூ’ என்று தொடங்குபவை வலையமைப்புத் தொடர்பாடல் சார்ந்தவை. ‘சி’ அடிச்சட்டம் சார்ந்தது. ‘பி’ என உச்சரிக்கப்படும் இரண்டில் ஒன்று உடற்பகுதியையும் மற்றையது இயந்திரத்தையும் குறிக்கும். ஒரே வேளையில் பல அலகுகளில் தொடர்பாடல் பழுது காட்டினால் ராடரைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன்னர் பற்றரியைப் பரிசோதிக்க வேண்டும். வலுவிழந்த பற்றரி இத்தகைய பொய்ப் பழுதுகளை வரிசையாகத் தோற்றுவிக்கும்.

அதன்பின் உணரியின் இணைப்பியில் மின்வழங்கலும் நிலத்தொடுப்பும் சுமையுடன் சரியாக உள்ளனவா என்று அளக்க வேண்டும். பின்சில்லுகள் வாரியடிக்கும் நீரும் மண்ணும் சென்றடையும் இடத்திலேயே இந்த இணைப்பி உள்ளது. ஊசிகளில் பச்சை நிறப் பூஞ்சணம் போன்ற அரிப்புக் காணப்படுவது அரிதல்ல. அடுத்து வலையமைப்புக் கம்பிகள். வாகனத்தின் அலகுகள் ஒன்றோடொன்று பேசும் ‘கான்’ எனப்படும் இரு கம்பிகளின் இரு அந்தங்களிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. பற்றரியைக் கழற்றிவிட்டு அக்கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்துள்ளது. பூச்சியத்தை அண்டினால் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டியுள்ளன. சில வாகனங்களில் இரு உணரிகளுக்கும் இடையே தனிக் கம்பித் தொடர்பு உள்ளது. அதற்கு அவ்வாகனத்தின் மின்சுற்றுப் படத்தையே பார்க்க வேண்டும். இவை அனைத்தும் சரியாக இருந்தால் மாத்திரமே உணரியைச் சந்தேகிக்கலாம்.

உணரியின் கோணமும் முக்கியமானது. அதைத் தாங்கும் தகடு சிறு மோதலில் மூன்று பாகை திரும்பிவிட்டால், மூன்று மீற்றர் தொலைவில் அதன் விளைவு 16 சென்ரிமீற்றர்தான். ஆனால் 50 மீற்றருக்கு அப்பால் விரைந்து வரும் வாகனத்தைப் பொறுத்தவரை அது 2.6 மீற்றராகிவிடும். அருகிலுள்ள தடத்தில் வருபவரை அடுத்த தடத்தில் வருபவராகக் கருவி கணித்துவிடக்கூடும். ஆகவே உணரியை மாற்றியபின்னோ பம்பரைத் திருத்தியபின்னோ உற்பத்தியாளர் கூறும் முறைப்படி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். சில வாகனங்களுக்குச் சமதரையில், குறித்த தூரத்திலும் உயரத்திலும் உலோகத் தெறிப்பி ஒன்றை வைத்துப் பரிசோதனைக் கருவியின் உதவியுடன் இது செய்யப்படுகின்றது. வேறு சிலவற்றை வீதியில் ஓட்டிச் சரிசெய்ய முடிகின்றது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது குறியீடு எதனையும் தராத பழுதாகும். பின்னால் வந்த வாகனம் மெதுவாக மோதிப் பம்பரின் மூலை வெடிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ரிங்கரிங் செய்பவர் உட்புறத்தில் கம்பி வலையை வைத்துச் சூடாக்கி ஒட்டுகின்றார். மேலே புட்டியைத் தடிப்பாகப் பூசித் தேய்த்து, உலோகத் துகள் கலந்த வர்ணத்தை இரண்டு மூன்று தடவை அடிக்கின்றார். வேலை மிக அழகாக முடிகின்றது. உரிமையாளரும் மகிழ்ச்சியுடன் பணத்தைக் கொடுக்கின்றார். ஆனால் அலை வெளியேற வேண்டிய சாளரம் அடைபட்டுவிட்டது. மின்சாரமும் கம்பிகளும் சரியாக இருப்பதால் கருவி தன்னைப் பழுதற்றதென்றே கருதக்கூடும். விளக்கு எரியாது. எரியாத விளக்கைச் சாரதி ‘பாதை வெறுமை’ என்று வாசிப்பார். பம்பருக்கு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட வர்ணம் தவிர்ந்த வேறெதையும் பூச வேண்டாமென்று டொயோட்டாவின் கைநூல் கூறுவதன் காரணம் இதுவே. இத்தகைய பழுதைக் கண்டறிய ஒரே வழி, ஆளரவமற்ற பாதுகாப்பான இடத்தில் இன்னொரு வாகனத்தை இரு பக்கத்தாலும் முந்தச் செய்து இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.

நமது சாதாரண திருத்துநர்களைக் குறைகூறுவது நமது நோக்கமல்ல. யுத்த காலத்தில் உதிரிப்பாகமின்றியும் எரிபொருளின்றியும் வாகனங்களை ஓடவைத்த கைகள் அவை. மண்ணெண்ணெயில் காரை ஓட்டக் கற்றவர்களுக்கு இந்த வித்தையும் கைகூடாததல்ல. அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை என்பதே குறை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம், மொரட்டுவையிலுள்ள இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம், சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை, ஏற்கனவே தொழிலில் ஈடுபட்டுள்ளோருக்கான குறுகிய காலப் பாடநெறிகளைத் தமிழில் நடத்துவது குறித்துச் சிந்திக்க வேண்டும். வர்ணம் பூசுபவரும் அதில் கலந்துகொள்ள வேண்டும். மின்னியல் அறிந்தவருக்கு மட்டும் கற்பித்தால் போதாது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் பொறுப்புண்டு. வருமான அனுமதிப்பத்திரம் பெறப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகின்றது. பம்பருக்குள் இருக்கும் உணரி வேலை செய்கின்றதா என்று எவரும் கேட்பதில்லை. அதனை உடனடியாகக் கட்டாயமாக்குவது நடைமுறைச் சாத்தியமற்றது. எனினும் இறக்குமதியாகும் ஒவ்வொரு வாகனத்துடனும் அதன் பாதுகாப்புக் கருவிகளின் வரையறைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் கூறும் ஒரு பக்கக் குறிப்பையாவது விற்பனையாளர் வழங்க வேண்டுமெனப் பணிப்பது கடினமான காரியமல்ல. காப்புறுதி நிறுவனங்கள் பம்பர் திருத்தத்துக்குப் பணம் வழங்கும்போது அளவுதிருத்தச் செலவையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அச்செலவு, தவிர்க்கப்படும் ஒரு விபத்தின் இழப்பீட்டிலும் சிறியதே.

பெரிய வாகனங்களின் விடயம் இதனிலும் அவசரமானது. துவிச்சக்கர வண்டியில் செல்வோரைக் கண்டறியும் கருவி பற்றிய ஐக்கிய நாடுகளின் 151 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2019 இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் புதிய லொறிகளுக்கும் பஸ்களுக்கும் அத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியுள்ளது. நமது பஸ்களில் இன்னமும் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு பக்கத் தகட்டில் தட்டும் நடத்துநரே மறைபகுதியின் காவலர். அவர் பயணச்சீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் காவலும் இல்லை. புதிய பஸ்கள் கொள்வனவு செய்யப்படும்போதாவது இந்த விதி கவனத்திற் கொள்ளப்பட வேண்டும்.

அதுவரை செலவில்லாத ஒரு வழி நம் ஒவ்வொருவரிடமும் உள்ளது. சாரதி தனது தலையைப் பக்கத்து யன்னலை நோக்கிச் சாய்த்து, தனது காரின் ஓரம் சற்றே தெரியுமளவுக்கு வலக் கண்ணாடியை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். பின்னர் காரின் நடுப்பகுதிக்குச் சாய்ந்து இடக் கண்ணாடியையும் அவ்வாறே சரிசெய்ய வேண்டும். மறைபகுதியின் பெரும்பங்கு இதனாலேயே சுருங்கிவிடும். அதன் பின்பும் திருப்புவதற்கு முன்னர் ஒரு தடவை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் செல்வோரும் காரின் பின்மூலைக்கு அருகே ஒட்டி நீண்டநேரம் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

விளக்கு எரிந்தால் அங்கே ஒருவர் இருக்கின்றார் என்று நம்பலாம். எரியாவிட்டால் அங்கே எவரும் இல்லை என்று நம்பலாகாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புதிய வாகனத்தின் சாவியைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும் மனதிற் பதித்துக்கொள்வார்களாயின், வீதியில் நம்மருகே செல்லும் பலர் மாலையில் தமது வீட்டை வந்தடைவர்.